மூன்று மில்லிமீட்டர் மொட்டை

1

என் மடத்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். அக்கா சொன்னால் இன்னும் இரண்டு முழம் நீட்டிச் சொல்லுவா. அத்தானை மொட்டை அடிக்கச் சொன்னவன் நான்தான். சொன்னதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அடித்துக்கொண்டு வந்து நின்ற மனிசனை மாமரத்தடியில் நிறுத்தி, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, நேரே ஒன்று என்று மூன்று படமும் எடுத்தேன். “வடிவாயிருக்கு அத்தான்” என்று தலையைத் தடவியும் பார்த்தேன்.

இதில் என்ன மடத்தனம் என்று நீங்கள் கேட்பீர்கள். அது விளங்க வேண்டுமென்றால் என் தொழில் விளங்க வேண்டும்.

நோர்வேயில் பேர்கன் என்ற மழை ஊரில், பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த ஓர் ஆஸ்பத்திரியில், புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுக் கொடுக்கும் பகுதியில் நான் மருத்துவ பௌதிகவியலாளர். எங்கே, எவ்வளவு கொடுப்பது என்று டொக்டர்மார் சொல்லுவார்கள். அது சொன்ன இடத்தில், சொன்ன அளவில் போய் விழுகிறதா என்று பார்ப்பது என் வேலை. நோயாளர் வருவதற்கு முன்பு மெசினை அளந்து பார்ப்பேன். பின்னேரம் மாணவர்களுக்குப் படிப்பிப்பேன். மிச்ச நேரம் ஆராய்ச்சி. என் ஆராய்ச்சி முகமூடி பற்றியது.

சிரிக்க வேண்டாம். தொண்டைக்கோ தலைக்கோ கதிர்வீச்சு எடுக்கிறவர் ஒவ்வொரு நாளும் அச்சொட்டாக ஒரே மாதிரிப் படுக்க வேண்டும். அதற்கு, சல்லடை போல் துளை போட்ட ஒரு பிளாஸ்டிக் தகட்டைச் சுடுதண்ணீரில் போட்டு எடுப்போம். அது ரொட்டி மா போல இளகிவிடும். முகத்தின் மேல் விரித்து அழுத்தினால், ஆறும்போது மூக்கும் நாடியும் அப்படியே பதிந்து இறுகும். பிறகு அதைக் கட்டிலோடு பூட்டிவிட்டால் ஆள் அசைய முடியாது. அந்த முகமூடி மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தளரக்கூடாது என்றும், தளர்ந்தால் எதனால் தளர்கிறது என்றும் நான் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். ஆள் மெலிந்தால் தளரும், வீக்கம் வற்றினால் தளரும், பிளாஸ்டிக் சரியாக ஆறாவிட்டால் தளரும். எல்லாம் அட்டவணை போட்டு எழுதியிருக்கிறேன்.

இப்போது விளங்கியிருக்கும். முகமூடி செய்து முடிந்து, சிகிச்சைக்கு நாள் குறித்திருந்த ஒரு மனிசனைத்தான் நான் மொட்டை அடிக்கச் சொன்னேன்.

போன செவ்வாய்க்கிழமை இதெல்லாம் திரும்ப ஞாபகம் வந்தது. நெஞ்சு வரை தாடி வைத்திருந்த ஒரு மீன்பிடிகாரர், தாடியோடு முகமூடி செய்துவிட்டு, சிகிச்சையின் முதல் நாள் மழமழவென்று சவரம் செய்துகொண்டு வந்து நின்றார். மரியாதையாக வர வேண்டும் என்று நினைத்தாராம். என் மாணவி இங்கிரிட் அவருக்குக் கால் மணிநேரம் வகுப்பெடுத்தாள். பிறகு என்னைப் பார்த்து, “பேராசிரியர், நீங்களே சொல்லுங்கள்” என்றாள். நான் ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தேன். பிறகு, “அவரை ஏசாதே. சுடுதண்ணியை வை” என்றேன்.

2

போன வருடம் ஆடியில் ஊருக்குப் போயிருந்தேன். சண்டை நின்று பாதை திறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. பதினைந்து வருடம் கழித்து வன்னிக்குப் போகிறேன். ஓமந்தைச் சோதனைச்சாவடியில் இந்தப் பக்கம் ஆமியின் படிவம், கொஞ்சத் தூரம் தள்ளி அந்தப் பக்கம் இயக்கத்தின் படிவம். இரண்டிலும் ‘தொழில்’ என்ற கட்டம் என் சுண்டுவிரல் அளவுதான் இருந்தது. அதற்குள் ‘மருத்துவ பௌதிகவியலாளர்’ எப்படி நுழையும்?

அந்தப் பக்கத்து மேசையில் இருந்த பெண் பிள்ளை பேனையைத் தூக்கிக்கொண்டு கேட்டாள்:

“அப்பிடியெண்டால் என்ன அண்ணை?”

“ஆஸ்பத்திரியிலை வேலை, தங்கச்சி. கதிர்வீச்சை அளக்கிறது.”

“டொக்டரோ?”

“பௌதிகத்திலை கலாநிதிப் பட்டம் இருக்கு, ஆனால்...”

“டொக்டர்தானே” என்று எழுதிவிட்டாள். எனக்குப் பின்னால் நூறு பேர் வெயிலில் நின்றார்கள். அந்த நேரத்தில் திருத்துவது அழகில்லை என்று பேசாமல் வந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் நன்றாகவும் இருந்தது.

வட்டக்கச்சியில் அக்கா வீட்டுக்கு நான் போய்ச் சேர்வதற்கு முன்பே அந்தப் பட்டம் போய்ச் சேர்ந்துவிட்டது. அடுத்த நாள் விடிய, முற்றத்துக் கதிரைகளில் ஆட்கள். ஒருவருக்கு முழங்கால், ஒருவருக்குக் காது, ஒருவருக்கு மருமகள். முழங்காலைப் பிடித்துப் பார்த்து, “உப்பைக் குறையுங்கோ” என்றேன். உப்பைக் குறைத்தால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது என்று என் கணக்கு. முழங்கால்காரர் போகும்போது, “நோர்வேயிலை இருக்கிறியள், சமாதானம் எப்பிடிப் போகுது?” என்றும் கேட்டார், நோர்வே நடத்திவைக்கும் பேச்சுவார்த்தை என் வீட்டு விறாந்தையில் நடக்கிறது போல. அதற்கும் உப்பைக் குறைக்கச் சொல்லியிருப்பேன், அக்கா முறைத்தா.

நான் வந்ததே அத்தானுக்காக. சிவராசா அத்தான் கிளிநொச்சிக்கும் வட்டக்கச்சிக்கும் ஓடும் மினிபஸ்ஸில் கொண்டக்டர். அவருடைய தொழில் பாதி கையில், பாதி தொண்டையில். சந்தையடியில் அவர் கூப்பிட்டால் ஆஸ்பத்திரியடியில் நிற்கிறவர் பையைத் தூக்குவார். அந்தக் குரல் மாசி மாதம் அடைத்தது. தூசி என்றார்கள், கோடை என்றார்கள், கொத்தமல்லி குடித்தார். சித்திரையிலும் திறக்கவில்லை. வவுனியாவில் பார்த்த டொக்டர் கொழும்புக்கு அனுப்பினார். அங்கே சோதித்துவிட்டு, குரல் நாணில் புற்றுநோய், ஆனால் சின்னதாக இருக்கும்போதே பிடிபட்டிருக்கிறது என்றார்கள். இப்போதே ஆறு கிழமை கதிர்வீச்சு எடுத்தால் ஆளும் மிஞ்சலாம், குரலும் மிஞ்சலாம். விட்டுவிட்டு வந்தால் பிறகு வெட்டத்தான் வேண்டும். முகமூடியும் செய்து, வருகிற திங்கட்கிழமை வரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

நான் வந்தது புதன்கிழமை. அத்தான் போகிற எண்ணத்திலேயே இல்லை.

3

“போறதுதான். அறுவடை முடியட்டும்” என்றார். குரல் இல்லை, வெறும் காற்று.

“உங்களுக்கு வயலே இல்லையே அத்தான்?”

“சனத்துக்கு இருக்குது. அறுவடைக்குத்தான் பஸ்ஸிலை ஆள் கூட.”

“இந்தக் குரலோடை ஆரைக் கூப்பிடப் போறியள்?”

சால்வையை எடுத்துத் தொண்டையைச் சுற்றினார். பிறகு மெதுவாக வெளியே வந்தது. தர்மபுரத்தில் ஒருவர் கொழும்புக்குப் போய் வந்தவர். கழுத்தில் ஒரு துளையோடு வந்தார், குரல் வரவில்லை. “குரலை அங்கை விட்டிட்டு வந்தவன். எனக்கும் எரிச்சுப் போடுவாங்கள்” என்றார் அத்தான். அவருக்குச் செய்தது சத்திரசிகிச்சை, உங்களுக்கு அதைச் செய்யாமல் இருக்கத்தான் இது என்று நான் கொப்பியில் படம் கீறிக் காட்டினேன். கோடு கீறினேன், அம்புக்குறி போட்டேன். பல்கலைக்கழகத்தில் இதே படத்துக்கு மாணவர்கள் தலையாட்டுவார்கள். அத்தான் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது பூசணிக்காயோ?” என்றார்.

அன்று பின்னேரம் இன்னொரு சாட்டு வந்தது. முருகன் கோயிலுக்கு ஒரு நேத்திக்கடன் வைத்திருக்கிறாராம். குரல் அடைத்த நாளிலிருந்து முடியும் தாடியும் வளர்க்கிறார். சுகம் வந்தால் இறக்குவது என்று.

“அவர் சுகத்தைத் தரட்டும். நான் முடியை இறக்கிறன். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போறன்.”

“சுகம் வந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு என்னத்துக்குப் போறியள், திருவிழாப் பாக்கவோ?” என்று அக்கா குசினிக்குள் இருந்து கத்தினா. அவ கத்தியது பகிடிக்கல்ல. நான் எட்டிப் பார்த்தபோது வெங்காயம் இல்லாமலே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தா.

அந்த நேரத்தில்தான் என் வாய் திறந்தது.

“அத்தான், நீங்கள் முதல்லையே குடுத்துவிடுங்கோ. வாங்கி வைச்சுக்கொண்டு பிறகு தரமாட்டன் எண்டு சொல்ல முருகனுக்கு முகம் வருமோ? நாலு சனத்துக்கு முன்னாலை வெக்கமெல்லே.”

பகிடிக்குத்தான் சொன்னேன். அத்தான் தாடியைத் தடவிக்கொண்டு எழும்பிப் போனார். அடுத்த நாள் காலை சைக்கிளில் போனார். பத்து மணிக்குத் தேங்காய் மாதிரி ஒரு தலையோடு திரும்பி வந்தார். நான்கு விரல் தடிப்பில் இருந்த சுருள் முடி இல்லை, நாடிக்குக் கீழே தொங்கிய தாடி இல்லை. “இனி முருகன்ரை பொறுப்பு” என்றார். திங்கட்கிழமைக்கு வெளிக்கிட ஆயத்தம் என்றார். அக்கா என் கையைப் பிடித்து, “நீ படிச்சது வீண்போகேல்லை தம்பி” என்றா. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கமராவை எடுக்கப் போனேன்.

மூளை எங்கே போயிருந்தது என்று கேட்காதீர்கள். அதை நான் பேர்கனில் மேசை லாச்சிக்குள் பூட்டிவிட்டு வந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் கொழும்புக்கு வெளிக்கிட்டோம். ஓமந்தையில் ஒரு சிப்பாய் அத்தானின் அடையாள அட்டையைப் பார்த்தான், அத்தானைப் பார்த்தான், அட்டையைப் பார்த்தான். அதில் காடு மாதிரி முடி. “இது வேறை ஆள்” என்று கொச்சைத் தமிழில் சொன்னான். நான் முன்னுக்குப் போய், முகம் பற்றி ஒரு விரிவுரை நடத்தினேன். முடியைப் பார்க்காதீர்கள், எலும்பைப் பாருங்கள், கண்ணுக்கும் கண்ணுக்கும் இடையில் உள்ள தூரத்தைப் பாருங்கள் என்றேன். முடி போனால் முகம் வேறாகத் தெரியும் என்று ஒரு சிப்பாய் எனக்கு எடுத்துச் சொல்லுகிறான், அப்போதும் எனக்குப் பொறி தட்டவில்லை.

4

திங்கட்கிழமை காலை. கதிர்வீச்சுப் பகுதியில் ஓர் இளம் பெண் முகமூடியோடு வந்தா. முக்காடு, வெள்ளைக் கோட்டு, கோட்டில், வேலையில் நான் குத்துவது போலவே, கதிர்வீச்சு அளவி. அங்கே பௌதிகவியலாளர், பெயர் நஸ்ரின். அத்தான் கட்டிலில் படுத்தார். நஸ்ரின் முகமூடியை வைத்துப் பூட்டினா. விரலால் தட்டினா. லொட லொட என்றது. அத்தான் உள்ளே இருந்து தலையை இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை திருப்பிக் காட்டினார், பெரிய சட்டியின் மூடியைச் சின்னச் சட்டிக்கு வைத்தது போல.

நான் இரண்டு அடி பின்னுக்குப் போய் அக்காவின் பின்னால் நின்றேன்.

“இவர்ட முடி எங்க?” என்று நஸ்ரின் அக்காவிடம் கேட்டா.

அக்கா பெருமையோடு என்னைக் காட்டினா. “தம்பிதான் அடிக்கச் சொன்னவர். உவர் நோர்வேயிலை பெரிய டொக்டர்.”

“என்ன பேர்?”

சொன்னேன், அத்தானின் குரலிலேயே.

நஸ்ரினின் கண் விரிந்தது. “முகமூடி தளர்றத பத்தி எழுதின சேரா?”

“ஓம்.”

“அந்தக் கட்டுரையை நான் பரீட்சைக்குப் பாடமாக்கினனான் சேர். அதில மொட்டையப் பத்தி ஒரு வரியும் இல்லையே.”

“நோர்வேயிலை ஒருத்தரும் நேத்தி வைக்கிறேல்லை, பிள்ளை.”

அவ சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பினா. ஆனால் அத்தான் சிரிக்கவில்லை. எழும்பி இருந்து சேர்ட்டைத் தேடினார்.

“முருகன் வேண்டாம் எண்டுறார். நான் குடுத்தது அவருக்குப் பிடிக்கேல்லை. வீட்டை போவம்.”

அக்காவின் முகத்தில் இருந்த பெருமை அப்படியே நின்றுவிட்டது. பையின் வாரைப் பிடித்துக்கொண்டா. இன்று வெளியே போனால் இந்த மனிசன் திரும்ப வரமாட்டார் என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

“அத்தான், முருகன் ஒண்டும் சொல்லேல்லை. சொன்னது நான். முடி போனால் உது பொருந்தாது எண்டு தெரிஞ்சிருக்க வேண்டியவன் நான். வாய்க்கு வந்த பகிடியைச் சொல்லிப்போட்டன். நான் டொக்டரும் இல்லை.”

“டொக்டர் இல்லாமல் ஏன் சனத்தின்ரை முழங்காலைப் பிடிச்சுப் பாத்தனீ?”

“உப்பைக் குறைக்கத்தானே சொன்னனான்...” என்று தொடங்கினேன்.

நஸ்ரின்தான் குறுக்கே வந்தா. தகடு வீண்போகாது, சுடுதண்ணீரில் போட்டால் திரும்ப இளகும், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் புதிதாக அச்செடுக்கலாம், அளவுகளையும் டொக்டரிடம் திரும்பக் காட்டிச் சரிபார்க்கலாம் என்றா. பிறகு அக்காவிடம், “நீங்க எவடம்?” என்று கேட்டா. வட்டக்கச்சி என்றதும் அவவின் குரல் இளகியது. “நாங்க முல்லைத்தீவு. எங்கட ஆக்கள எல்லாம் வெளியேத்தினப்ப, நான் பன்ரண்டு வயசில வந்தது. வாப்பா போன மாசம்தான் காணியைப் பார்க்கப் போனவர். கிணறு அப்பிடியே இருக்காம்.” அத்தானைப் பார்த்தா. “சாப்பிட்டிட்டு இருங்க. போறதெண்டால் பிறகும் போகலாம்தானே.”

5

பன்னிரண்டரைக்குத் தண்ணீர்த் தொட்டியில் பழைய முகமூடியைப் போட்டா. அத்தான் எட்டிப் பார்த்தார், எட்ட நின்று பார்க்கிற ஆள் இல்லை அவர். தாடியோடு இருந்த அவருடைய முகம் மெல்ல இளகி, மூக்கு இறங்கி, நாடி கரைந்து, ஒரு நிமிடத்தில் வெறும் தட்டைத் தகடாக மிதந்தது.

“என்ரை மூஞ்சி எங்கை?”

“போயிட்டுது. இப்ப ஆர் படுத்தாலும் அவரிட முகம் வரும்” என்றா நஸ்ரின்.

அத்தான் யோசித்தார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார். “அப்ப முதல் உவனுக்குப் போடு, பிள்ளை. பிழை விட்டவன் முதல் படுக்கட்டும்.”

நான் சிரித்தேன். மற்ற ஒருவரும் சிரிக்கவில்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் படுத்தேன்.

இங்கே இன்னொரு உண்மையையும் சொல்ல வேண்டும். இருபது வருடமாக முகமூடி பற்றிப் படித்தும் படிப்பித்தும் வருகிறேன். ஒரு நாளும் நான் அதற்குள் படுத்ததில்லை. நனைந்த சூட்டோடு அது முகத்தில் இறங்கியது. கண் மூடிக்கொண்டது. நாடி மேலே தள்ளுப்பட்டது. நஸ்ரின் காதடியில் அழுத்தினா, நெற்றியில் அழுத்தினா. பிறகு அது ஆறத் தொடங்கியது. ஆற ஆற இறுகியது. எச்சில் விழுங்கப் பார்த்தேன், தொண்டை அசைய இடமில்லை. மூச்சு வந்துகொண்டுதான் இருந்தது, அது என் மூளைக்குத் தெரியும். நெஞ்சுக்குத் தெரியவில்லை. ஐந்து நிமிடம் என்றார்கள். எத்தனை ஆயிரம் பேருக்கு “கொஞ்ச நேரம்தான்” என்று நான் சொல்லியிருப்பேன்! அந்தக் கொஞ்ச நேரத்தின் நீளம் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

காதுக்குப் பக்கத்தில் காற்று மாதிரி ஒரு குரல்: “எப்பிடி மச்சான், வடிவாயிருக்குதோ?”

பதில் சொல்ல வாய் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் ஒருவருக்குப் பதில் சொல்லாமல் விட்டது அந்த ஒரு தரம்தான் என்று அக்கா இன்றைக்கும் சொல்லுகிறா. அவ சிரிக்கிற சத்தம் கேட்டது. நான்கு நாளைக்குப் பிறகு கேட்ட சிரிப்பு.

கழற்றியபோது என் முகம் முழுக்க வலைக் கண்ணி விழுந்திருந்தது, தூண்டிலுக்குத் தப்பி வலையில் மாட்டிய திரளி மீன் மாதிரி. அத்தான் குனிந்து பார்த்தார்.

“பயமோ?”

பகிடி ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன்.

“ஓம் அத்தான். மூச்செடுக்கலாம். நோகாது. ஆனால் பயமாய்த்தான் இருக்கு.”

இப்படிச் சொன்னால் எழும்பி ஓடிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் என் கன்னத்தில் பதிந்த கண்ணியை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு சேர்ட்டை மடித்துக் கதிரையில் வைத்தார்.

“வந்த நாளிலையிருந்து இப்பத்தான் நீ ஒழுங்காய் ஒரு கதை சொல்லியிருக்கிறாய்” என்று சொல்லிவிட்டுப் படுத்தார்.

நஸ்ரின் தகட்டைத் திரும்பத் தண்ணீரில் போட்டா. இந்தத் தடவை என் முகம் கரைந்தது. பார்க்க அவ்வளவு கவலையாக இல்லை. “சேர், காலைப் பிடிச்சுக்கொள்ளுங்க, அசையாம” என்று என்னிடம் ஒரு வேலை தந்தா. முதலாம் வருட மாணவனுக்குக் கொடுக்கிற வேலை. பிடித்துக்கொண்டேன். சிகிச்சை புதன்கிழமை தொடங்கியது.

6

லீவு முடிந்து நான் பேர்கனுக்குத் திரும்பிவிட்டேன். ஒவ்வொரு வெள்ளியும் நஸ்ரின் மின்னஞ்சலில் அந்தக் கிழமை எடுத்த அளவுகளை அனுப்புவா. முகமூடி தளரவில்லை. ‘உங்கட அத்தான் எங்கட மெசினை விட ஒழுங்கு’ என்று ஒருமுறை எழுதியிருந்தா. அந்தக் கடிதத்தை இங்கிரிட்டுக்கு மொழிபெயர்த்துக் காட்டினேன். என் நோர்வேஜிய மொழி வட்டக்கச்சி மினிபஸ் ஓடுகிற மாதிரி, எங்கே பிரேக் போடும் என்று தெரியாது. அவள் அரைவாசியை விளங்கிக்கொண்டு, மொட்டை என்பது ஒரு சத்திரசிகிச்சை என்று நினைத்துவிட்டாள்.

ஆனால் குரல்? கதிர்வீச்சு எடுக்கும்போது தொண்டை வெந்து, குரல் முதலில் மோசமாகும். அது எனக்குப் புத்தகத்தில் தெரியும். நாலாம் கிழமை அக்கா கொழும்பிலிருந்து எடுத்துச் சொன்னா: “தம்பி, காத்தும் நிண்டிட்டுது. கொப்பியிலை எழுதித்தான் காட்டுறார்.”

“அப்பிடித்தான் அக்கா, பிறகு வரும்.”

“உப்பைக் குறைக்கட்டோ?” என்றா. குத்துகிறாவா, உண்மையாகக் கேட்கிறாவா என்று தெரியவில்லை.

சிகிச்சை முடிந்து புரட்டாதியில் ஊருக்குப் போனார்கள். ஐப்பசியில் குரல் இல்லை. கார்த்திகையில், “ஏதோ முனகிற மாதிரி” என்றா அக்கா. அடுத்த மாதம் தொலைபேசி இணைப்புக் கிடைக்கவில்லை. வேலையில் முகமூடிகளைத் தட்டிப் பார்க்கும்போதெல்லாம் அந்த லொட லொட கேட்கும். அன்று மத்தியானம் நான் பிடித்துக்கொண்டு நின்ற கால் அசைந்திருந்தால்? அந்த மூன்று மில்லிமீட்டர் அங்கே போயிருந்தால்?

என் மகள் ஆரணிக்குப் பன்னிரண்டு வயது. வீட்டில் தமிழில் கேட்டால் நோர்வேஜிய மொழியில் பதில் சொல்லுகிற வயது. வட்டக்கச்சி அவளுக்கு அப்பா சொல்லுகிற ஒரு பகிடியின் பெயர், அவ்வளவுதான். ஆனால் மாமாவின் மொட்டைப் படத்தை மட்டும் குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தாள். ஒரு நாள் பாலை எடுத்துக்கொண்டே கேட்டாள், அதிசயமாகத் தமிழில்:

“அப்பா, மாமாக்கு சத்தம் வராட்டி, சாமி முடியைத் திருப்பிக் குடுப்பாரா?”

“அது வளரும், பிள்ளை.”

“முடி வளரும். சத்தம்?”

நான் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு குப்பை வாளியை வெளியே வைக்கப் போனேன். அது குப்பை எடுக்கும் நாளே அல்ல.

தை பிறந்து ஒரு கிழமை இருக்கும். ஞாயிறு காலை, கிளிநொச்சி பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்துத் தொலைபேசிக் கடையில் நிற்போம் என்று அக்கா சொல்லி அனுப்பியிருந்தா. ஆறு தடவை எடுத்து ஏழாவது தடவை கிடைத்தது. பின்னால் சந்தை இரைச்சல், ஹோர்ன், யாரோ தேங்காய்க்கு விலை பேசுகிறார்கள்.

“தம்பி, நிக்கிறியோ? இந்தா, அவரிட்டைக் குடுக்கிறன்” என்றா அக்கா. ரிசீவர் கை மாறுகிற சத்தம். பிறகு ஒன்றும் இல்லை.

“அத்தான்?” என்றேன்.

பதில் இல்லை. எனக்கு வாய் வறண்டது. வாய் வறண்டால் நான் விரிவுரை நடத்துவேன். அது என் வியாதி.

“அத்தான், கேக்குதோ? கஷ்டப்பட்டுக் கதைக்க வேண்டாம். விழுங்க நோகுதோ? தொண்டை காயுதோ? காய்ஞ்சால் அடிக்கடி தண்ணி குடியுங்கோ. ஒரு சின்னச் சோதினை இருக்கு. நல்லாய் மூச்சை இழுத்துக்கொண்டு, ஒரே மூச்சிலை ‘ஆ’ எண்டு எவ்வளவு நேரம் சொல்ல ஏலுமெண்டு பாருங்கோ. நான் இங்கை மணிக்கூட்டைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். அவசரமில்லை. வராட்டிலும் யோசிக்க வேண்டாம், நாங்கள் கிழமைக்குக் கிழமை அதைக் குறிச்சுக்கொண்டு வந்தால்...”

ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கும்படி ஒரு சத்தம் வந்தது. கொஞ்சம் கரகரப்பு, பழையதை விட ஒரு சுருதி கீழே. ஆனால் குசினியில் நின்ற ஆரணி திரும்பிப் பார்த்தாள்.

“பஸ் வெளிக்கிடுது, வையடா போனை!”